மதகுக்கு எழுபது வயது, கடவுச்சொல்லுக்கு?



நார்வேயின் மேற்குக் கரையில் பிரெமாங்கர் என்றொரு பகுதி. அங்கே ரீசெவாட்னெட் ஏரியில் சின்னதாக ஓர் அணை. 2025 ஏப்ரல் மாதம் யாரோ இணையம் வழியாக அதன் கட்டுப்பாட்டுத் திரைக்குள் நுழைந்து, வால்வை முழுசாகத் திறந்துவிட்டார்கள். நான்கு மணி நேரம் அப்படியே ஓடியது. விநாடிக்கு 497 லிட்டர் தண்ணீர் கூடுதலாக வெளியேறியது. லிட்டரில் சொன்னால் நம் அமராவதி நகரில் யாருக்கும் கண்முன் வராது. நம் கணக்கில் பதினேழரை கன அடி. அந்த ஆற்றுப் படுகை அதைப்போல நாற்பது மடங்கு தண்ணீரைத் தாங்கும் என்பதால் சேதம் எதுவும் இல்லை. ஆகஸ்ட் மாதம் அந்நாட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புப் பிரிவு, இது ரஷ்ய ஆதரவு ஹேக்கர்களின் வேலை என்று வெளிப்படையாகச் சொன்னது. பலவீனமான ஒரு கடவுச்சொல்தான் வழிவிட்டிருக்கும் என்பது அணையை நடத்துபவர்களின் கணிப்பு.

அதற்கும் முன்னால், 2013இல், நியூயார்க் மாநிலத்தில் ரை புரூக் என்ற ஊரின் பௌமன் அணைக்குள்ளும் ஒருவர் இப்படிப் புகுந்து பார்த்தார். நீர்மட்டம் எவ்வளவு, மதகு எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. ஆனால் திறக்க முடியவில்லை. பராமரிப்பு வேலைக்காக மதகின் இணைப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். மூன்று ஆண்டு கழித்து அமெரிக்க அரசு ஈரானியர் ஒருவர்மீது வழக்குப் போட்டது. ஒயரைக் கழற்றி வைத்த யாரோ ஒரு பிட்டருக்கு அந்த ஊர் கடன்பட்டிருக்கிறது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. நம் அமராவதி அணையின் ஷட்டரை ரஷ்யாவிலிருந்து யாரோ திறந்துவிடப் போகிறார்கள் என்ற வதந்திக்கு இந்தப் பக்கம் இடம் தராது. நான் பேச நினைப்பது வயதைப் பற்றி. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் கட்டிய அணை இது. தொண்ணூறு அடி. திருப்பூர், கரூர் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து ஐம்பதாயிரம் ஏக்கருக்கு மேல் இதை நம்பி இருக்கிறது. கல்லும் இரும்பும் எத்தனை வருஷம் தாங்கும் என்று கணக்குப் போட நமக்குத் தெரியும். ஒரு மென்பொருள் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்கத்தான் இன்னும் பழகவில்லை.

உடுமலை பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் ஒரு ரிங் பிரேம் இருபது வருஷம் ஓடும். திருப்பூரில் நல்ல நிட்டிங் மெஷினைக் கைமாற்றிக் கைமாற்றி அதற்கு மேலும் ஓட்டுவார்கள். அதே மெஷினுக்குள் இன்று ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அது நெட்டில் இருக்கிறது. உற்பத்தி எவ்வளவு, ஊசி எங்கே உடைந்தது என்று முதலாளியின் போனுக்குச் சொல்கிறது. அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்குத் தயாரிப்பாளர் எத்தனை வருஷம் அப்டேட் தருவார்? கொட்டேஷனில் நூல் கவுண்டு, டயாமீட்டர், வாரண்டி எல்லாம் இருக்கும். இந்த ஒரு வரி இருக்காது. தயாரிப்பாளரே நிலைத்திருப்பார் என்றும் சொல்ல முடியாது. பின்னல் உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஜெர்மனியின் டெரோட் கம்பெனியே அண்மையில் திவால் நிலைக்குப் போய்க் கைமாறியது.

மென்பொருளைக் காக்கும் பூட்டுக்கும் வயது உண்டு. நம் ஊர் சைனிக் பள்ளி 1962இல் தொடங்கியது. அன்றைக்கு மறையாக்கம் என்றால் பெரும்பாலும் ராணுவமும் தூதரகமும் கையாளும் சங்கதி. பூட்டவும் திறக்கவும் ஒரே ரகசியச் சாவி. அதை நம்பகமான ஆள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். ஆள் மாட்டினால் எல்லாம் போச்சு. 1976இல் டிஃபி, ஹெல்மன் என்ற இருவர் இதை மாற்றினார்கள். முன்பின் பார்த்திராத இரண்டு பேர், ஊரே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும் கம்பியில் பேசியபடியே, தங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசிய எண்ணை உண்டாக்கிக்கொள்ளலாம் என்று காட்டினார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மேன் மூவரும் ஆர்எஸ்ஏ முறையைக் கண்டார்கள். கோயில் உண்டியல் மாதிரி: போடுவது யாரும் போடலாம், திறப்பது சாவி வைத்திருப்பவர் மட்டும்தான். உங்கள் போனில் ஜிபே திறக்கும்போதும், பேங்க் இணையதளத்துக்குப் போகும்போதும், உள்ளே நடப்பது இந்தக் குடும்பத்துக் கணக்குதான்.

ஆர்எஸ்ஏயின் பலம் எங்கே இருக்கிறது? இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது நொடி வேலை. பெருக்கி வந்த எண்ணை மட்டும் கொடுத்து, அந்த இரண்டையும் கண்டுபிடி என்றால் கஷ்டம். இன்று வழக்கத்தில் உள்ள 2048 பிட் சாவி என்பது 617 இலக்கம் கொண்ட ஓர் எண். உலகத்துக் கம்ப்யூட்டர்களையெல்லாம் சேர்த்து உட்கார வைத்தாலும் அதைப் பிரித்துவிட முடியாது. ஆனால் 1994இல் பீட்டர் ஷோர் என்ற கணித அறிஞர், குவாண்டம் கம்ப்யூட்டர் ஒன்று போதிய அளவில் வந்துவிட்டால் இதைச் சுலபமாகப் பிரிக்கலாம் என்று தாளில் நிறுவிவிட்டார். அந்த மெஷின் இன்னும் வரவில்லை. இருக்கிற குவாண்டம் கம்ப்யூட்டர்கள் அந்த வேலைக்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனாலும் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட், எட்டு வருஷம் போட்டி நடத்தித் தேர்ந்தெடுத்த புதிய முறைகளை 2024 ஆகஸ்ட் 13ஆம் தேதி தரங்களாக வெளியிட்டுவிட்டது. ஆர்எஸ்ஏயையும் அதன் உறவுக்காரர்களையும் 2035க்குள் வழக்கத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் முன்வைத்திருக்கும் திட்டம்.

இதைப் படித்துவிட்டு, "எங்கள் டிசைனை இன்றைக்குத் திருடி வைத்து பத்து வருஷம் கழித்துத் திறந்து பார்ப்பார்களா?" என்று ஒரு எக்ஸ்போர்ட்டர் கேட்டால் என் பதில்: பார்க்கட்டுமே. அடுத்த சம்மருக்கான டி-ஷர்ட் டிசைன் ஆறு மாதத்தில் லண்டன் கடையில் தொங்கப் போகிறது. அதற்குமேல் அதில் ரகசியம் என்ன? ராணுவத்துக்கும், ஆஸ்பத்திரிக் கோப்புக்கும், தொழிலாளர்களின் ஆதார், பேங்க் விவரங்களுக்கும் இந்தப் பயம் நியாயமானது. பனியன் வேலையின் ஆர்டர் ஷீட்டுக்கு அல்ல. குவாண்டம் என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு புதுப் பெட்டி விற்க வருபவர்களிடம் இந்தப் பதிலைச் சொல்லிப் பாருங்கள்.

நம்மைத் தொடுவது வேறு இடம். மெஷினுக்கு அப்டேட் வரும்போது, அது உண்மையில் தயாரிப்பாளரிடமிருந்துதான் வந்ததா என்று மெஷின் எப்படித் தெரிந்துகொள்ளும்? தயாரிப்பாளர் அதில் ஒரு டிஜிட்டல் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் சாவி மெஷினின் சில்லிலேயே, சில சமயம் மாற்றவே முடியாதபடி, பொறிக்கப்பட்டிருக்கும். இன்று வாங்கும் மெஷின் 2045 வரை ஓடப்போகிறது. அதற்குள் பழைய கையெழுத்து முறை உடைந்துவிட்டால், யார் வேண்டுமானாலும் தயாரிப்பாளர் பெயரில் கையெழுத்துப் போட்டு அந்த மெஷினுக்குக் கட்டளை கொடுக்கலாம். ஆறு மாத டிசைனுக்கு இல்லாத ஆபத்து இருபது வருஷ இரும்புக்கு இருக்கிறது.

பழைய முறையை மாற்றிவிட்டால் போயிற்று என்று சொல்லலாம். சின்னக் கருவிகளில் அது அவ்வளவு லேசில்லை. இன்று பரவலாக உள்ள, எல்லோருக்கும் தெரியும்படி கொடுக்கும் ஒரு பொதுச் சாவி 32 பைட். புதிய முறையில் அதே வேலைக்கு 1,184 பைட். கையெழுத்து 64 பைட்டாக இருந்தது 2,420 ஆகிறது. போனுக்கும் லேப்டாப்புக்கும் இது தூசி. பேட்டரியில் ஓடிக்கொண்டு, ரேடியோவில் துளித்துளியாகத் தகவல் அனுப்பும் ஒரு சென்சாருக்கு இது பெரிய சுமை. அப்படிப்பட்ட பொடிக் கருவிகளுக்காகவே ஆஸ்கான் என்ற எளிய முறையை நிஸ்ட் 2023இல் தேர்ந்தெடுத்து, 2025 ஆகஸ்டில் தரமாக வெளியிட்டது. அது செய்தியை மறைக்கவும், வழியில் யாரும் மாற்றவில்லை என்று காட்டவும் பயன்படும். கையெழுத்துக்கான மாற்று அல்ல.

மறைப்பதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். திருப்பூருக்கு அதைவிட முக்கியமான பாதி, மாற்றாமல் வைப்பது. சாயப்பட்டறைக் கழிவு நொய்யலில் கலந்த கதையை நான் இங்கே புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டியாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு ஊர் மாறியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இன்று ஓட்டத்தை அளக்கும் மீட்டர்களும் கேமராக்களும் இருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அவற்றிலிருந்து எண்கள் நேரடியாகப் போகின்றன. மாசு அதிகமுள்ள பதினேழு தொழில் பிரிவுகளும் இப்படி ஆன்லைனில் கண்காணிக்கப்பட வேண்டும் என்று மத்திய வாரியம் 2014 பிப்ரவரியிலேயே உத்தரவு போட்டது.

அந்த எண்களில் ரகசியம் ஒன்றுமில்லை. சொல்லப்போனால் ஊருக்கே தெரிய வேண்டிய எண்கள். ஆனால் மீட்டரிலிருந்து சர்வர் வரை போகும் வழியில், நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டரில் யாராவது 9ஐ 7 ஆக்கினால் அது தெரிய வேண்டும். மறையாக்கம் இதைச் செய்து தரும். ஒவ்வொரு அளவீட்டோடும், அந்த மீட்டரிடம் மட்டும் உள்ள சாவியால் ஒரு முத்திரை எண்ணைக் கணக்கிட்டு ஒட்டி அனுப்பலாம். ஓர் இலக்கம் மாறினாலும் முத்திரை பொருந்தாது. நொய்யல் கரை விவசாயிக்கு இது எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நேர்மையாகப் பட்டறை நடத்தும் முதலாளிக்கும் வேண்டும். "என் மீட்டர் சொன்னது இதுதான், நடுவில் யாரும் கை வைக்கவில்லை" என்று கோர்ட்டில் அவர் காட்ட முடியும். ஆனால் ஒன்று. சென்சாரின் முனையைக் கழற்றி நல்ல தண்ணீர் வாளியில் போட்டுவிட்டால், உலகத்தின் ஆகச் சிறந்த முத்திரையும் வாளித் தண்ணீருக்குத்தான் சாட்சி சொல்லும். அதற்குக் கணிதம் போதாது. நேரில் போய்ப் பார்க்கும் இன்ஸ்பெக்டர்தான் வேண்டும்.

காற்றாலைக்கு வருகிறேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி உடுமலையைச் சுற்றி எத்தனை காற்றாலைகள் என்பதை பஸ்ஸில் போகும் குழந்தைகள்கூட எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிடும். அவற்றில் பல நம் மில்களுக்கே சொந்தம். 2022 பிப்ரவரி 24, ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்த அதே காலையில், வயாசாட் என்ற கம்பெனியின் செயற்கைக்கோள் இணையச் சேவைமீது தாக்குதல் நடந்தது. சரியாக அமைக்கப்படாத ஒரு விபிஎன் வழியாக நிர்வாக வலைக்குள் புகுந்து, ஆயிரக்கணக்கான மோடங்களுக்கு ஒரே நேரத்தில் கட்டளை அனுப்பி, அவற்றின் நினைவகத்தை அழித்துவிட்டார்கள். குறி உக்ரைன். அடிபட்டவர்களில் ஜெர்மனியின் எனர்கான் கம்பெனியும் உண்டு: 5,800 காற்றாலைகளோடு அதற்குத் தொலைத்தொடர்பு அறுந்துபோனது. இறக்கைகள் தாமாகச் சுற்றி மின்சாரம் தந்துகொண்டுதான் இருந்தன; தூரத்திலிருந்து பார்க்கவோ, பழுதானதைத் திரும்ப ஓடவிடவோ வழியில்லை. யாரும் எந்த மறையாக்கத்தையும் உடைக்கவில்லை. மோடங்கள் கீழ்ப்படிந்தன, ஏனென்றால் கட்டளை வர வேண்டிய இடத்திலிருந்தே வந்தது.

சிசிடிவி கேமராவின் கதை இன்னும் சாதாரணம். 2016இல் மிராய் என்ற நிரல் உலகம் முழுக்கக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அதன் ஆயுதம், பெட்டியில் வரும்போதே போட்டிருக்கும் கடவுச்சொற்கள் சுமார் அறுபது கொண்ட ஒரு பட்டியல். அட்மின்-அட்மின் அந்த ரகம். அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி இந்தக் கேமராக் கூட்டம் சேர்ந்து, இணையதளங்களுக்கு முகவரி காட்டும் டின் என்ற கம்பெனியைத் தாக்க, ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அமெரிக்காவில் மணிக்கணக்கில் தடுமாறின. நிரலை எழுதிய மூவரும் இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களின் தொழில் போட்டியில் தொடங்கிய காரியம். இப்போது பிரிட்டன் இப்படிப் பொதுவான கடவுச்சொல்லோடு கருவி விற்பதை 2024 ஏப்ரல் 29 முதல் தடை செய்திருக்கிறது. நம் நாட்டில் 2025 ஏப்ரல் 9 முதல், இணையத்தோடு சேரும் சிசிடிவி கேமராவை விற்க வேண்டுமானால் கருவியையும் மூலநிரலையும் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் ஏற்கெனவே உங்கள் கட்டிங் ஹாலிலும் கேட்டிலும் மாட்டியிருக்கும் கேமராவை இந்த விதி வந்து கழற்றப்போவதில்லை. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த விஷயம் தலைப்புச் செய்தியானது கூடங்குளத்தில். 2019 அக்டோபர் கடைசியில், அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் டிடிராக் என்ற தீநிரல் புகுந்திருப்பதாகச் செய்தி பரவியது. 29ஆம் தேதி நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. 30ஆம் தேதி அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது: இணையத்தோடு சேர்ந்த நிர்வாக வலையில் ஒரு கம்ப்யூட்டரில் தொற்று இருந்தது, உலையை இயக்கும் வலை அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டது, அதற்குப் பாதிப்பில்லை, செப்டம்பர் 4ஆம் தேதியே மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் தகவல் கொடுத்துவிட்டது. இதில் என் மனதில் நிற்பது இரண்டு. ஆபீஸ் வலையும் மெஷின் வலையும் தனித்தனியாக இருந்தது காப்பாற்றியது. திருப்பூரில் எத்தனை யூனிட்டில் அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டரும் டையிங் மெஷின் கண்ட்ரோலரும் ஒரே வைஃபையில் இருக்கின்றன? இரண்டாவது, அந்த ஒரு நாள் மறுப்பு. மானம் போகும் என்று மூடி மறைக்கும் பழக்கம் அணுமின் நிலையத்தில் மட்டும் இல்லை. 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி, இப்படி நடந்தால் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும். இணையத்தோடு இணைந்த கருவிகள்மீதான தாக்குதலும் அந்தப் பட்டியலில் உண்டு.

சாவி வைத்திருக்கும் மனிதரை ஏமாற்றுவதுதான் எப்போதும் குறுக்கு வழி. 2025 ஏப்ரலில் லண்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் இப்படித்தான் விழுந்தது. வெளி நிறுவனம் ஒன்றின் வழியாக, வேறொருவர்போல நடித்து உள்ளே நுழைந்தார்கள். ஆறு வாரத்துக்கு மேல் ஆன்லைனில் ஒரு சட்டைகூட விற்க முடியவில்லை. சுமார் 30 கோடி பவுண்ட் லாபம் போகும் என்று கம்பெனியே மதிப்பிட்டது. நம் பக்கத்தில் அதே வித்தை உங்கள் மெயில் போலவே பையருக்குப் போகும்: "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, பேமெண்டை இதற்கு அனுப்புங்கள்." மெயில் டொமைனுக்கு டிகிம், டிமார்க் அமைத்து வைத்தால் உங்கள் பெயரில் போலி மெயில் போவது பெருமளவு குறையும்; டிகிம் என்பதும் ஒரு டிஜிட்டல் கையெழுத்துதான். ஆனால் உங்கள் மெயில் பெட்டிக்குள்ளேயே ஒருவன் உட்கார்ந்திருந்தால், பையர் பழைய நம்பருக்குப் போன் போட்டுக் கேட்பதுதான் மருந்து.

இனி மெஷின் வாங்கும்போது டீலரிடம் கேளுங்கள்: பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை? அப்டேட்டுக்குக் கையெழுத்துச் சோதனை உண்டா? அந்தச் சாவியைப் பின்னால் மாற்ற முடியுமா? டீலர் விழிப்பார். பரவாயில்லை, அவர் கம்பெனிக்கு மெயில் போடட்டும். ஐரோப்பியச் சந்தையில் விற்கும் டிஜிட்டல் கருவிகளுக்கு, 2027 டிசம்பர் முதல் முழுமையாக அமலாகும் அவர்களுடைய புதிய சட்டம் பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டு அப்டேட்டைக் கட்டாயமாக்குகிறது. ஜெர்மனிக்காரர் தன் ஊரில் தரப்போவதை உடுமலையிலும் தரச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் எதற்கு? ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊர் கேட்கிற கேள்வி இது. ஒருவர் கேட்டால் சிரிப்பார்கள், சங்கம் கேட்டால் பதில் வரும்.

இதற்கான ஆட்கள் தூரத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்துல் கலாம் ஐயா மத்திய அரசின் அறிவியல் ஆலோசகராக இருந்தபோது எண்ணி, 2002இல் தொடங்கிய செட்ஸ் ஆய்வு நிறுவனம் சென்னை தரமணியில் இருக்கிறது; மறையாக்கம்தான் அவர்கள் வேலை, குவாண்டத்துக்குப் பிந்தைய முறைகள் உட்பட. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி பிராசசரின் வழியில் வந்த மைண்ட்குரோவ் கம்பெனி, இணையக் கருவிகளுக்கென்றே ஒரு பாதுகாப்பான சில்லை 2024 மே மாதம் அறிமுகம் செய்தது. நம் ஊரில் கண்ட்ரோலர் போர்டு செய்யும் சின்னப் பட்டறைகள் கோவை வரை நிறைய இருக்கின்றன. இந்தப் பட்டறைக்காரர்களும் அந்தச் சென்னைக்காரர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் என்ன என்பது என் நெடுநாள் ஆசை. சைனிக் பள்ளி மாணவர்களே, உங்களில் யாருக்காவது எண்கணிதம் பிடித்திருந்தால், ராணுவத்துக்கு அந்த ஆள் மிகவும் தேவை, மில்லுக்கும் தேவை.

அடுத்த இதழுக்காக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் யூனிட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஆகப் பழைய கண்ட்ரோலர் அல்லது கம்ப்யூட்டர் எது, எந்த வருஷத்தது, எந்த மெஷினோடு சேர்ந்து ஓடுகிறது என்று எழுதி அனுப்புங்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடும் டையிங் மெஷின் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஊர் பெயரும் கம்பெனி பெயரும் போட மாட்டோம். யாருக்காவது பணம் ஏமாந்து போயிருந்தால், எங்களுக்கு எழுதுவதற்கு முன் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குப் போன் செய்துவிடுங்கள். கடிதத்தில் கடவுச்சொல்லை மட்டும் எழுத வேண்டாம். நாங்கள் நல்லவர்கள்தான், ஆனால் எங்கள் ஆபீஸ் அலமாரிக்கும் பூட்டுச் சரியில்லை.

அன்புடன்,
ஆசிரியர்